கோட்டை இராச்சியத்துத் தந்தப் பேழைகள்: செதுக்கியது யார், சொல்ல வந்தது என்ன?

லண்டன் விக்டோரியா அன்ட் அல்பேர்ட் நூதனசாலையில் ஒரு தந்தப் பேழை இருக்கிறது. நீளம் ஒரு முழத்துக்கும் குறைவு. அதன் பக்கங்களில் கிறிஸ்தவ வேதக் காட்சிகள் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. காட்சிகள் ஐரோப்பிய அச்சுப் படங்களைப் பார்த்துச் செய்தவை. ஆனால் அவற்றைச் சூழ்ந்து ஓடும் கொடிகளும் முத்துவரிசைகளும் தாமரை இதழ்ப் பட்டிகளும் இலங்கைக் கோயிலிலும் விகாரையிலும் பழகிய கண்ணுக்கு உடனே பிடிபடுகின்றன. பேழை 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோட்டை இராச்சியத்தில் உருவானது என்பதை இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். அதற்கு அடுத்த கேள்வியில்தான் கருத்து பிரிகிறது. செதுக்கிய கைகள் எந்த மரபில் பழகியவை? செய்யச் சொன்னது யார்? வேற்று மதத்துக் காட்சிகளைச் செதுக்கியபோது அந்தக் கைவினைஞர் தாம் கண்டதைப் பெயர்த்தெழுதினாரா, தம் கருத்தையும் சேர்த்தாரா?

இந்தக் கேள்விக்கு 140 ஆண்டுகளாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. விடை சொன்னவர்கள் பெரும்பாலும் லண்டன், மூனிச், லிஸ்பன் பக்கத்திலிருந்தே பேசினார்கள். கிழக்கிலங்கைத் தமிழ் வாசகருக்கு இது தொலைதூரத்துப் பொருளாகப் படலாம். உண்மையில் அப்படியில்லை. போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட மேற்குக் கரைப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் பெருந்தொகையினரை 1626ஐ ஒட்டி மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்கள் சொல்லும் செய்தி. கல்முனைக் கரையோர ஊர்களின் பழங்கதையில் ஒரு பங்கு கோட்டை இராச்சியத்தின் வீழ்ச்சியிலிருந்து தொடங்குகிறது. அந்த வீழ்ச்சிக்கு முந்திய சில பத்தாண்டுகளில், கோட்டை அரசவை தன் நிலையைக் காப்பாற்றிக்கொள்ள என்னென்ன செய்து பார்த்தது என்பதற்கு இந்தப் பேழைகள் கண்ணால் காணக்கூடிய சான்று.

எவை, எங்கே இருக்கின்றன

இந்த வகையைச் சேர்ந்தவை என்று அடையாளம் காணப்பட்ட பேழைகள் ஒன்பது அளவில் உள்ளன. அதிகம் பேசப்படுபவை மூனிச் அரண்மனைக் கருவூலத்தில் உள்ள இரண்டு. பவேரியக் கோமகனின் அரும்பொருட் கூடத்துக்கு ஃபிக்ளர் என்பவர் 1598இல் எழுதிய பட்டியலிலேயே அவை இடம்பெற்றுவிட்டன. ஆகவே அவற்றின் பழமை குறித்து ஐயமில்லை. வியன்னாவின் கலை வரலாற்று நூதனசாலையில் இராமாயணக் காட்சிகள் கொண்ட பேழை ஒன்று இருக்கிறது. பேர்லினில் ஒன்று உள்ளது. லண்டனில் உள்ளது, முன்னர் அதை வைத்திருந்த ஜோன் சார்ள்ஸ் ரொபின்சனின் பெயரால் ‘ரொபின்சன் பேழை’ எனப்படுகிறது.

கோட்டை நகரில் எஞ்சியது எதுவுமில்லை. அதற்குக் காரணமும் தெரிந்ததே. 1551இல் மன்னன் ஏழாம் புவனேகபாகு களனியில் போர்த்துக்கேயத் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானான். அது விபத்தா, திட்டமிட்ட கொலையா என்பது அன்றே சர்ச்சையானது. அதையடுத்து வந்த போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி அபொன்சோ டி நொரோஞா புதையல் தேடி அரண்மனையையும் தலதா ஆலயத்தையும் கிண்டிக் கிளறினார். 1565இல் நகரமே கைவிடப்பட்டது. பட்டறை இல்லை, கணக்கேடு இல்லை, செதுக்கியவரின் பெயர் இல்லை. ஏற்றுமதியானதால்தான் இவை பிழைத்தன. இந்தச் சார்பு எல்லா விடைகளையும் பாதிக்கிறது. அரண்மனைக்குள்ளேயே பயன்பட்ட தந்தப் பொருள்கள் எப்படி இருந்தன என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல், வெளிநாட்டுக்கு அனுப்பியவற்றை வைத்தே அந்தக் கலையை அளக்கிறோம்.

போர்த்துக்கேயக் கணக்கில் வைத்த முதல் விடை

1881இல் லண்டன் தென் கென்சிங்டன் நூதனசாலையில் ஸ்பானிய, போர்த்துக்கேய அலங்காரக் கலைகளுக்கு ஒரு கண்காட்சி நடந்தது. அதன் பட்டியலைத் தொகுத்த ரொபின்சன், ஆசியாவில் போர்த்துக்கேயர் தேவைக்காகச் செய்யப்பட்ட பொருள்களை ‘இந்தோ-போர்த்துக்கேய’ என்ற ஒரே கூடைக்குள் போட்டார். கோவாவின் மேசை, குஜராத்தின் முத்துச்சிப்பிப் பெட்டி, கொச்சியின் நாற்காலி எல்லாம் அதில் சேர்ந்தன. பிற்காலத்தில் போர்த்துக்கேய அறிஞர்கள் இந்தக் கூடையைப் பிரித்து, இலங்கைப் பொருள்களுக்கு ‘சிங்கள-போர்த்துக்கேய’ என்று தனி வகை வைத்தார்கள். பெர்னார்டோ பெராவ் டி தவாரஸ் இ தாவோரா 1983இல் வெளியிட்ட பெருநூல் தந்தத்தாலான கிறிஸ்தவத் திருவுருவங்களை இப்படியே வகை பிரித்தது.

இந்த வழியின் பலம் அதன் அகலம். ஆயிரக்கணக்கான உருவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. பாறை மீதமர்ந்து கன்னத்தில் கைவைத்து உறங்கும் குழந்தை இயேசு, ‘நல்ல மேய்ப்பன்’ உருவம், அந்தக் கடல்வழி முழுவதும் பரவிய விதம் இதனால்தான் தெளிவாகியது. அந்தக் குழந்தையின் அமைதியில் தியானத்தில் இருக்கும் புத்தரின் சாயலைப் பலர் கண்டிருக்கிறார்கள். பெரும்பாலானவற்றைக் கோவாவுக்கும் சிலவற்றை இலங்கைக்கும் உரியதாக்குவது வழக்கம். ஆனால் அந்தப் பிரிப்பு பெரும்பாலும் கண்ணின் பழக்கத்தை நம்பியது.

பலவீனமும் அங்கேதான் உள்ளது. வாங்கியவரின் பெயரால் வகைப்படுத்தினால் செய்தவர் கூலிக்கைகளாகச் சுருங்கிவிடுகிறார். இராமாயணம் செதுக்கிய பேழையில் போர்த்துக்கேயம் என்று சொல்ல என்ன இருக்கிறது? அது போய்ச் சேர்ந்த இடம் மட்டுமே.

குமாரசுவாமியின் வழி

எதிர்த்திசையிலிருந்து வந்த விடை ஆனந்த குமாரசுவாமியுடையது. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த இவர், 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற நூலில் தந்த வேலைக்குத் தனி இடம் கொடுத்தார். கண்டி நாட்டுக் கைவினைஞர் குடும்பங்களிடம் நேரில் கேட்டறிந்தும், அரசனுக்கு வேலை செய்த நான்கு பட்டறைகளின் ஒழுங்கை விளக்கியும், பயிற்சி முறையையும் அளவுக் கணக்கையும் பதிவு செய்தும் அவர் செய்த வேலைக்கு இன்றும் ஈடில்லை. கைவினைஞனின் மனதுக்குள் மரபு எப்படி இயங்குகிறது என்று கேட்ட முதல் ஆய்வாளர் அவர்தான் என்று தயங்காமல் சொல்லலாம்.

இந்த வழியில் நின்றவர்கள் பேழைகளைத் தொடர்ச்சியான ஓர் இலங்கைத் தந்த மரபின் பகுதியாகக் கண்டார்கள். சூளவம்சம் கூட அவர்களுக்குக் கைகொடுத்தது. 4ஆம் நூற்றாண்டு மன்னன் ஜெட்டதிஸ்ஸன் தானே தந்தச் செதுக்கலில் வல்லவன், பலருக்கு அதைக் கற்பித்தவன், போதிசத்துவர் உருவம் ஒன்றைச் செய்தவன் என்று அந்நூல் சொல்கிறது. 1930களில் விக்டர் ஸ்லோமன் மூனிச் பேழைகளைச் சிங்கள வேலையாக இனங்கண்டு எழுதியதும் இதே திசைதான். அவை ‘எங்கோ இந்தியாவில்’ ஆனவை என்ற மங்கலான நிலை அதன்பின் மாறத் தொடங்கியது.

ஆனால் ஜெட்டதிஸ்ஸனுக்கும் புவனேகபாகுவுக்கும் இடையே 1,200 ஆண்டுகள். இடையில் கிடைக்கும் தந்தப் பொருள்கள் மிகக் குறைவு. குமாரசுவாமி பார்த்த கைவினைக் குடும்பங்களோ 18, 19ஆம் நூற்றாண்டுக் கண்டியைச் சேர்ந்தவை. மலைநாட்டு மரபைப் பின்னோக்கி நீட்டி 16ஆம் நூற்றாண்டுக் கரையோர அரசவையோடு பொருத்துவது ஓர் ஊகம், அதை ஊகமாகவே வைத்திருக்க வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து வந்தோரின் வழியினர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட குடும்பங்கள் இருந்ததைக் குமாரசுவாமியே மறைக்கவில்லை. அவரைப் பின்பற்றியவர்களில் பலர் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

முடிசூட்டு நடந்த பிறகா, நடப்பதற்கு முன்பா

மூனிச் பேழைகளில் ஒன்று ‘முடிசூட்டுப் பேழை’ எனப்படுகிறது. அதன் கதை தெரியாமல் எந்த விடையையும் எடைபோட முடியாது.

1521இல் தந்தை விஜயபாகுவைக் கொன்று மூன்று சகோதரர் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டனர். மூத்தவன் புவனேகபாகு கோட்டையை எடுத்தான். இளையவன் மாயாதுன்னை சீதாவாக்கையில் இருந்தபடி அண்ணனின் பங்கையும் விழுங்கப் பார்த்தான். மாயாதுன்னைக்குத் துணை கள்ளிக்கோட்டைச் சாமூதிரியும் மரைக்காயர் நடத்திய கடற்படையும். அந்தக் கடற்படை 1538இல் இராமநாதபுரம் கரையில் வேதாளை என்ற இடத்தில் போர்த்துக்கேயரிடம் தோற்றது. புவனேகபாகுவுக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் வயிற்றுப் பேரன் தர்மபாலனே வாரிசு. அந்த வாரிசுரிமையை மாயாதுன்னை மறுப்பான் என்பது தெரிந்ததே. எனவே மன்னன் பேரனின் பொற்சிலை ஒன்றைச் செய்வித்து, தன் பிராமண அதிகாரி ஸ்ரீ ராமரக்ஷ பண்டிதரிடம் கொடுத்து லிஸ்பனுக்கு அனுப்பினான். போர்த்துக்கேய மன்னன் மூன்றாம் ஜோவாவ் தன் கையால் அந்தச் சிலைக்கு முடிசூட்ட வேண்டும் என்பது வேண்டுகோள். முடிசூட்டு 1543ஐ ஒட்டி நடந்தது.

பேழையில் அந்தக் காட்சி இருக்கிறது. ஐரோப்பிய உடையில் மன்னன் ஜோவாவ். எதிரே முழந்தாளிட்டு முடியேற்கும் தர்மபாலன். பொன் வேலையும் மாணிக்கமும் நீலமும் பதித்த சட்டங்களுக்குள் இது அமைந்திருக்கிறது.

இப்போது ஆய்வாளர்களைப் பிரிக்கும் முடிச்சு இதுதான். பேழை தூதுக்குழுவோடு 1541இல் கப்பலேறியது என்று ஒரு சாரார் கொள்கிறார்கள். அப்படியானால் செதுக்கியவர் நடக்காத ஒன்றை நடந்ததாகச் செதுக்கியிருக்கிறார். அது ஒரு மனு. ‘நீர் இதைச் செய்யவேண்டும், செய்தால் இப்படித்தான் இருக்கும்’ என்று கோட்டை அரசவை லிஸ்பனுக்குச் சொல்லிக்கொடுத்த சடங்குமுறை. தூதர்கள் திரும்பிய பின் செய்தது என்றால் அது நன்றிப் பொருள், நடந்ததன் நினைவு. முதல் நிலையில் கோட்டைதான் காட்சியை இயற்றுகிறது. இரண்டாவதில் லிஸ்பன் இயற்றியதைக் கோட்டை பதிவுசெய்கிறது. அரசியலில் இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. சிலைக்குத்தான் முடிசூட்டப்பட்டது, தர்மபாலன் லிஸ்பன் போகவேயில்லை. பேழையிலோ சிறுவன் உயிரோடு மண்டியிடுகிறான். இதனால் முதல் நிலைக்குச் சற்றே வலுக் கூடுகிறது என்பது என் எண்ணம். நேரில் கண்டதைப் பதிந்த பேழையானால் சிலையைக் காட்டுவதே இயல்பு. ஆனாலும் சிலையை அரசனாகவே காண்பது அந்தச் சடங்கின் உட்பொருள்தானே என்ற மறுப்பு எழும். அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

சோல்டான் பீடர்மன் 2018இல் வெளியான தம் ஆய்வுகளில் இந்தப் பேழைகளை இராஜதந்திரப் பொருள்களாகவே வாசிக்கிறார். லிஸ்பனின் மேலாண்மையை ஏற்பது தன் சக்கரவர்த்திப் பட்டத்தை விட்டுக்கொடுப்பதாகாது என்று கோட்டை கருதியது. அரசருக்கு அரசர் என்ற படிமுறை ஆசிய அரசியலில் பழகியதே. பேழைகள் அந்தக் கருத்தைக் கண்ணுக்குக் காட்டுகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். இலங்கை அரசுரிமையும் மதமாற்றமும் பற்றி 2007இல் எழுதிய அலன் ஸ்ட்ராதர்ன், புவனேகபாகு கடைசிவரை ஞானஸ்நானம் பெற மறுத்ததை வலியுறுத்துகிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால், பணிந்த அரசன் என்ற பழைய சித்திரம் நிற்பதில்லை. பீடர்மனின் வாசிப்புக்கு உள்ள இடர், அது முடிசூட்டுப் பேழைக்குப் பொருந்தும் அளவுக்கு மற்ற எட்டுக்கும் பொருந்துமா என்பதே.

லிஸ்பன் அரசியின் பக்கம்

மூன்றாம் ஜோவாவின் மனைவி, ஹப்ஸ்பேர்க் குலத்துக் கத்தரீனா (1507–1578), ஆசியப் பொருள்களைத் திரட்டியவர். அவருடைய கணக்கேடுகளைப் பல ஆண்டுகள் துருவிய அன்னமரி ஜோர்டன் கிஷ்வென்ட், யொஹானஸ் பெல்ட்சுடன் சேர்ந்து சூரிச் ரீட்பேர்க் நூதனசாலையில் 2010–2011இல் நடத்திய கண்காட்சி இலங்கைத் தந்த வேலையை முதல்முறையாக ஓரிடத்தில் பெருமளவில் காட்டியது. பேழைகள், விசிறிகள், சீப்புகள் எல்லாம் அரசியின் கைக்கு எப்படி வந்தன, அங்கிருந்து வியன்னாவுக்கும் மற்ற உறவினர் அரண்மனைகளுக்கும் எப்படிப் போயின என்று இந்த ஆய்வு வழித்தடம் போட்டுக் காட்டுகிறது. ஆவணம் உள்ள ஒரே பக்கம் இதுதான் என்பதால் இதன் பயன் பெரிது.

ஆவணம் ஒரு பக்கம் மட்டும் இருப்பதே இதன் குறையும். பெற்றவரின் பெட்டகத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஆடம்பரப் பொருளாகத் தெரியும். அனுப்பியவர் என்ன நினைத்து அனுப்பினார் என்பதை அந்தக் கணக்கேடு எழுதாது.

பாக்குநீரிணைக்கு இருபுறமும் ஓடும் இழை

இனி வரும் விடை தமிழ் வாசகருக்கு நெருங்கியது, அதனாலேயே கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுவது.

கோட்டை இராச்சியம் சிங்கள பௌத்த அரசு. அதே வேளை தமிழ் அங்கு அரச மொழிகளில் ஒன்றாகவும் புழங்கியது. ஆறாம் பராக்கிரமபாகுவின் நயிம்மனைக் கல்வெட்டு சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டது. அதே மன்னன் முன்னேஸ்வரக் கோயிலுக்கு மானியம் கொடுத்தான். அவன் வளர்ப்பு மகன் செண்பகப் பெருமாள் யாழ்ப்பாணத்தை வென்று, பின் கோட்டையில் அரியணை ஏறினான். காலியில் கிடைத்து இப்போது கொழும்பு நூதனசாலையில் உள்ள 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சீனக் கல்வெட்டின் இரண்டாவது மொழி தமிழ். லிஸ்பன் போன தூதர் பிராமணர். சீதாவாக்கையில் எஞ்சியிருக்கும் பெரண்டிக் கோயிலின் அடித்தளம் திராவிடக் கட்டட அமைப்பை அப்படியே காட்டுகிறது.

இந்தப் பின்னணியில் பேழைகளைப் பார்த்தால் பல விடயங்கள் இடம்பிடித்து அமர்கின்றன. யாளி, மகரம், கொடிக்குள்ளிருந்து அரையுடலாகத் தோன்றும் பெண், ஐந்து பெண்கள் பின்னிக் குடமாகும் பஞ்சநாரி உருவம் என்பன கடலுக்கு இருபுறமும் பொதுவானவை. குருநாகல் ரிதி விகாரையின் தந்தம் பதித்த கதவுச் சட்டத்தில் அந்தப் பஞ்சநாரியைக் காணலாம். தமிழகக் கோயில் தூண்களில் அதன் உறவினர்கள் இருக்கிறார்கள். வியன்னாப் பேழையின் இராமாயணமும் கவனத்துக்குரியது. இராமனைத் தலைவனாக வைத்துக் கதையைத் தொடராகச் சொல்லும் வழக்கம் சிங்கள விகாரைச் சுவர்களில் இல்லை. அது விஜயநகரக் கோயில் சுவர்களின் வழக்கம்.

அப்படியானால் செதுக்கியவர்கள் தமிழர் என்று சொல்லிவிடலாமா? சான்று அவ்வளவு தூரம் போவதில்லை. ஒப்பிட வேண்டிய விஜயநகரக் காலத் தந்த வேலை தென்னிந்தியாவில் அருமையாகவே எஞ்சியுள்ளது. ஸ்ரீரங்கம் கோயிலில் பாதுகாக்கப்படும் புகழ்பெற்ற நாயக்கர் காலத் தந்தங்கள் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, அதாவது பேழைகளுக்குப் பிந்தியவை. பின்னதைக் கொண்டு முன்னதன் பிறப்பை நிறுவ முடியாது. கல்லிலும் மரத்திலும் உள்ள ஒப்புமை தந்தத்துக்கு அப்படியே செல்லாது, உளியும் வேறு, அளவும் வேறு. மேலும், ஒரு கைவினைஞன் எந்த உருவத்தைச் செதுக்கினான் என்பதைக் கொண்டு அவன் வீட்டில் என்ன மொழி பேசினான் என்று சொல்ல இயலாது. இன்றைய இனப் பெயர்களை 1541க்குக் கொண்டுபோய் ஒட்டும் ஆசை சிங்கள எழுத்திலும் உண்டு, தமிழ் எழுத்திலும் உண்டு. இரண்டும் இந்தப் பொருள்களுக்கு நியாயம் செய்வதில்லை.

சுஜாதா அருந்ததி மீகம 2017இல் வெளியான கட்டுரையில் எடுத்த நிலை இதனால்தான் எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. செதுக்குநர் பல காட்சி உலகங்களில் ஒரே நேரத்தில் பழகியவர். ஐரோப்பிய அச்சு, உள்ளூர்க் கோயில், விகாரை எல்லாவற்றிலிருந்தும் தேர்ந்து எடுத்தவர். நகலெடுப்பவர் என்று அவரை நினைப்பது தவறு என்ற வாதம் அது. தேர்வு என்பதை வலியுறுத்தும்போது அரசவையின் கட்டளைக்கும் பட்டறையின் விருப்பத்துக்கும் நடுவே கோடு எங்கே விழுந்தது என்பது மட்டும் இன்னும் மங்கலாகவே இருக்கிறது.

ஈசாயின் மரம்

மதப்பொருள் என்ற வகையில் ரொபின்சன் பேழைதான் மிகக் கடினமானது. அதில் உள்ள காட்சிகளில் முதன்மையானது ‘ஈசாயின் மரம்’. தாவீதின் தந்தை ஈசாய் படுத்திருக்கிறார். முஸ்லிம் வாசகர் தாவூத் நபி என்று அறிந்தவரின் தந்தை இவர். அவருடலிலிருந்து மரம் முளைக்கிறது. கிளைகளில் அரச மூதாதையர் மலர்களிலிருந்து எழுகிறார்கள். உச்சியில் மரியாளும் குழந்தையும். ஐரோப்பாவின் மத்தியகாலக் கண்ணாடிச் சாளரங்களிலும் கையெழுத்து நூல்களிலும் 12ஆம் நூற்றாண்டிலிருந்து ஆயிரம் முறை வரையப்பட்ட காட்சி. கோட்டைச் செதுக்குநர் பார்த்தது பாரிசில் தீல்மன் கெர்வெர் அச்சிட்ட செபநூலின் படத்தை என்று மூலத்தை அடையாளம் கண்டிருக்கிறார்கள். இன்னொரு பேழையில் அல்பிரெக்ட் ட்யூரர் 1514இல் செதுக்கிய பைக்குழல் வாசிப்பவன் வந்து நிற்கிறான். அமின் ஜாபரும் மெலனி ஆன் ஷ்வாபேயும் 1999இல் இந்தப் பேழைகளைத் தொகுத்து ஆராய்ந்தது இத்தகைய மூலங்களைத் தொடர்ந்து தேட வழிதிறந்தது.

அச்சுப் படத்தையும் பேழையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிவது இதுதான். அச்சில் மரம் மரமாகவே இருக்கிறது, கிளைகளுக்கிடையில் வெற்றுத் தாள் தெரிகிறது. பேழையில் வெற்றிடம் கிடையாது. கிளை கொடியாகச் சுருண்டு பலகை முழுவதையும் நிரப்புகிறது. மலரிலிருந்து எழும் அரசன் பாரிஸ்காரருக்கு உவமையாக இருந்திருக்கலாம். கொடியிலிருந்து மனித உடல் எழுவதைத் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கிவந்த பட்டறைக்கு அது பழகிய வேலை. வேற்று மதத்தின் வமிசாவளிப் படம் இங்கே தடையில்லாமல் குடியேறியதற்கு இந்த ஒற்றுமை உதவியிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு.

செய்யச் சொன்னது யார்? தர்மபாலன் 1557இல் ஞானஸ்நானம் பெற்று தொன் ஜோவாவ் ஆனான். அதைக் கொண்டாடச் செய்ததாகக் கொண்டு பேழைக்கு 1557ஐ ஒட்டிய காலம் கொடுக்கிறார்கள். அரச வமிசத்தைக் கிறிஸ்துவில் முடிக்கும் ஈசாயின் மரம், புதிதாகக் கிறிஸ்தவனான அரசனுக்குப் பொருத்தமான தேர்வுதான். ஆனால் பேழையில் எழுத்து எதுவுமில்லை. காலத்தை நிகழ்விலிருந்து ஊகித்து, பிறகு அந்த நிகழ்வுக்குப் பேழையைச் சான்றாகக் காட்டினால் வட்டமாகிவிடும். பிரான்சிஸ்கன் குருமார் 1543இலேயே கோட்டைக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய செபநூல் பட்டறைக்குப் போக 14 ஆண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை. கிறிஸ்தவராகாத புவனேகபாகுவே கிறிஸ்தவ மன்னனுக்கு ஏற்ற பரிசாக இதைச் செய்வித்திருக்கவும் கூடும். கொழும்பிலிருந்த ஒரு போர்த்துக்கேய அதிகாரி கேட்டிருக்கவும் கூடும். மூன்று வழிகளில் எதையும் அடைக்கும் சான்று இதுவரை முன்வைக்கப்படவில்லை.

கொம்பு எங்கிருந்து வந்தது

கலை வரலாற்றாளர் அதிகம் தொடாத கேள்வி இது. யானையோடு வாழும் ஊர்க்காரருக்கு முதலில் எழுவது. சவளக்கடை, நாவிதன்வெளிப் பக்கத்து வயல்களில் இறங்கும் யானைகளில் கொம்பன் எத்தனை என்று கேட்டால் விடை எல்லோருக்கும் தெரியும். இலங்கை யானைகளில் ஆணுக்கு மட்டுமே கொம்பு. ஆண்களிலும் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றுக்கே. கொம்பின் அடிப்பாகம் உள்ளே பொள்ளல், அகன்ற பலகை எடுக்க முற்றிய நுனிப்பக்கத் திடப்பகுதிதான் உதவும். ஒரு பேழைக்கே பெரிய கொம்புகள் தேவை. அக்காலத்தில் கொம்பன்கள் இன்றைவிடக் கூடுதலாக இருந்திருக்கலாம். ஆனாலும் அரிய கொம்பனைக் கொல்வதைவிட உயிரோடு பிடித்துக் கடல்கடந்து விற்பதே இலங்கை அரசர்களுக்கு இலாபமாக இருந்தது.

எனவே ஆபிரிக்கத் தந்தம் வந்திருக்குமா என்ற கேள்வி நியாயமானது. கிழக்காபிரிக்கத் தந்தம் அரபு, குஜராத்தி முஸ்லிம் வணிகர் கையால் கம்பாயத்துக்கு வந்ததை 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே துவார்த்தே பார்போசா எழுதியிருக்கிறார். போர்த்துக்கேயக் கப்பல்களும் சுமந்தன. 1533இல் இந்தியா நோக்கிப் புறப்பட்ட ‘பொம் ஜெசுஸ்’ நமீபியக் கரையில் மூழ்கியது. 2008இல் கண்டெடுக்கப்பட்ட அதன் சிதைவுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட யானைக் கொம்புகள் இருந்தன. 2020இல் வெளியான மரபணு ஆய்வு அவை மேற்காபிரிக்கக் காட்டு யானைகளுடையவை என்று காட்டியது. அது புவனேகபாகு ஆண்ட காலம். இந்தியப் பெருங்கடல் சந்தையை நோக்கி ஆபிரிக்கத் தந்தம் பெருமளவில் கப்பலேறியது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. கோட்டைப் பட்டறைக்கு அது வந்ததா என்பதைப் பேழைகளிலிருந்தே எடுத்த துகள்தான் சொல்ல முடியும். அப்படி நிரூபணமானால் ‘நம் நாட்டு யானை, நம் நாட்டுக் கலை’ என்ற எளிய சமன்பாடு குலையும். குலைவதால் கலையின் பெருமை குறையாது. முஸ்லிம் வணிக வலையமைப்பை எதிரியாக நடத்திய போர்த்துக்கேயருக்குப் போன பரிசுக்கே மூலப்பொருளை அதே வலையமைப்பு கொடுத்திருக்கும் வாய்ப்பு வரலாற்றில் இடம்பெறும்.

தீராதவை

என் மதிப்பீட்டில் இந்த ஆய்வுகளின் பொதுக்குறை, ஒன்பது பேழைகளையும் ஒரே குடும்பமாக வைத்து ஒரே விடை தேடியதுதான். 1540களின் முடிசூட்டுப் பேழை, வாரிசுரிமைக்காகப் போராடிய பௌத்த அரசவையின் குரல். ஈசாயின் மரம் கொண்ட பேழை, மதம் மாறிய அல்லது மாறவிருந்த ஒரு சூழலின் பொருள். இராமாயணப் பேழைக்கு இந்த இரண்டிலும் இடமில்லை. பட்டறை ஒன்றாக இருந்திருக்கலாம், நோக்கம் ஒன்றாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காலமும் கட்டளையும் தேடும் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது. தமிழ், சிங்கள, போர்த்துக்கேய மூலங்களை ஒருங்கே படிக்கக்கூடியவர்கள் அதைச் செய்யவேண்டும், அவர்களில் கிழக்கு மாகாணத்திலிருந்து வருபவர்களும் இருக்கவேண்டும்.

உரிமைக் கேள்வியும் முடியவில்லை. பி. எச். டி. எச். டி சில்வா 1975இல் வெளிநாடுகளில் உள்ள இலங்கைத் தொல்பொருள்களுக்குப் பட்டியல் வெளியிட்டார். 1980இல் இலங்கை அதன் அடிப்படையில் யுனெஸ்கோவிடம் கோரிக்கை வைத்தது. ரொபின்சன் பேழை லண்டன் நூதனசாலையின் உடைமையானதும் அதே 1980இல்தான். 2023இல் நெதர்லாந்து கண்டியிலிருந்து கொள்ளையிடப்பட்ட லெவ்கே பீரங்கி உள்ளிட்ட ஆறு பொருள்களைத் திருப்பித் தந்தது. பேழைகள் அந்த வகையில் சேர்வது கடினம், ஏனெனில் முடிசூட்டுப் பேழையைப் பரிசாகவே கொள்கிறார்கள். பேரனின் முடியைக் காக்கக் கொடுத்த பரிசை, பெற்றவர்களின் ஆட்களே பத்தாண்டுக்குள் கொடுத்தவனின் அரண்மனையைச் சூறையாடிய பிறகும் பரிசு என்றே எண்ண வேண்டுமா என்பதைச் சட்டம் பேசுவதில்லை. திருப்பிக் கேட்பது ஒருபுறமிருக்க, இந்த ஒன்பதில் ஒன்றையாவது இரவலாகக் கொண்டுவந்து கொழும்பிலும் மட்டக்களப்பிலும் காட்ட முடியுமா என்று கேட்பது இன்றே செய்யக்கூடியது.